அத்தர் மணத்த குட்டிகள்

போன வாரம் உங்களில் சிலர் பண்ணையைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கறவை ஆட்டுப் பண்ணை புதிதாகத் தொடங்கியவர்கள். எந்த ஆடு எவ்வளவு கறக்கும், அடர்தீவனத்தில் என்னென்ன கலக்க வேண்டும், எந்த ஊசியை எப்போது போட வேண்டும் என்று போனில் எழுதி வைத்திருந்ததை வரிசையாகக் கேட்டீர்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. இதெல்லாம் அதே போனில் தேடினால் கிடைத்துவிடுமே, தேடினாலும் கிடைக்காததைக் கேளுங்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். கேட்காமல் போனாலும் விடுவதாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவரின் மனைவி. எடமலைப்பட்டி புதூரில் குடியிருந்தோம். ஊருக்கு வெளியே, மதுரை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கொஞ்சம் நிலம் இருந்தது. உப்பிலியபுரம் பக்கம் போய் நாலு தலைச்சேரி ஆடுகளை நானே பார்த்துப் பிடித்து வந்தபோது, தெருவில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ரயில்வேக்காரர் வீட்டம்மா ஆடு மேய்க்கப் போகிறாளாம் என்று சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் பாதிப் பேர் பின்னால் என்னிடம் பால் வாங்கினார்கள். நான் அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை. போன வருடம் பண்ணையை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டேன். ஓய்வு என்றால், தினமும் போய் அவள் செய்வதில் குறை கண்டுபிடிப்பது.

முதலில் வாளி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் பங்குனியில் ஓர் ஆடு குட்டி போட முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. நான் முழங்கை வரை சோப்பு போட்டுக்கொண்டு இழுக்கத் தயாராக நின்றேன். கால்நடை மருத்துவருக்குப் போன் செய்ததில், அப்போதுதான் படித்து முடித்து வேலைக்கு வந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். என் மகள் வயதுகூட இருக்காது. வந்தவள் ஆட்டைத் தொடவே இல்லை. அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். என்ன டாக்டர் உட்கார்ந்துட்டீங்க என்று நான் பதறினேன். ஆடு என்ன சொல்லுதுன்னு பார்க்கிறேன், நீங்களும் கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க என்றாள். ஆடு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் படுத்து, தானாகவே ஈன்றது. நான் இழுத்திருந்தால் குட்டியோ தாயோ போயிருக்கும். அன்றிலிருந்து கொட்டிலில் ஒரு காலி வாளி எப்போதும் இருக்கும். கறக்க இல்லை, உட்கார.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன்.

எங்களுடைய முதல் வாடிக்கையாளர் பாலக்கரையில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய். நாலு ஆட்டுப் பாலை வாங்க ஆள் இல்லாமல் நான் தூக்குச்சட்டியோடு தெருத்தெருவாகச் சுற்றிய காலத்தில், கடையிலிருந்து இறங்கி வந்து, குடித்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வீட்டுக்குக் கொடுங்க தங்கச்சி என்றவர். அதோடு விடாமல் தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டில் பேரீச்சம்பழத்தோடு எங்கள் பாலைக் குடித்துத்தான் நோன்பு திறப்பார்கள். மாலை பாங்கு சொல்வதற்குள் பால் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே என் வீட்டுக்காரர் மொபெட்டை ரயில் மாதிரி ஓட்டுவார்.

சில வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் பங்குனியில் வந்தது. பங்குனி எங்களுக்கு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேம்பும் புங்கையும் பூத்துக் கொட்டும், வேலியெல்லாம் துளிர்விடும், கொட்டிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குட்டி துள்ளும். அந்த வருடம் ஒரே வாரத்தில் ஏழெட்டு ஆடுகள் ஈன்றிருந்தன. நான் கர்வம் பிடித்து அலைந்தேன். பெருநாளைக்குப் பால் கொடுக்கப் போனபோது, குட்டிகளைப் பார்க்கப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பாயிடம் சொன்னதும் அந்தக் கர்வத்தில்தான்.

மறுநாள் காலையே குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். புதுத்துணி, கை நிறைய மருதாணி, அத்தர் கடைக்காரர் வீடு வேறு, கேட்க வேண்டுமா? அவர்கள் வேனிலிருந்து இறங்கியதும் என் கொட்டிலில் ஆட்டு வாசனையே அடங்கிவிட்டது. தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. குட்டிகள் மூங்கில் தடுப்புக்குள் இருந்தன. பேத்திகள் ஒரு குட்டியை விடவில்லை. மடியில் போட்டார்கள், தூக்கிக் கொஞ்சினார்கள், முகத்தோடு முகம் வைத்துப் படம் எடுத்தார்கள். பாயும் ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் நடந்தார். கொண்டுவந்த பிரியாணியை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெயில் ஏறுவதற்குள் கிளம்பினார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

உச்சிவேளையில் ஆடுகள் திரும்பின. மடி கனத்து, கத்திக்கொண்டே ஓடி வந்தன. தடுப்பைத் திறந்துவிட்டேன். குட்டிகள் பாய்ந்து போய் மடியில் முட்டின. தாய்கள் குனிந்து வாலடியில் முகர்ந்து பார்த்தன. அவ்வளவுதான். சிங்காரி என்று ஓர் ஆடு, தலைச்சன் ஈற்று, தன்னுடைய இரண்டு குட்டிகளையும் கொம்பால் தள்ளிவிட்டது. ஏதோ கோபம் என்று நினைத்தேன். பக்கத்தில் இன்னொன்று தள்ளியது. அப்புறம் இன்னொன்று. பழைய தாய்கள் சில, குட்டியின் குரலை வைத்து ஒரு மாதிரி அரைமனசாக ஒப்புக்கொண்டன. முதல் ஈற்று ஆடுகளில் ஒன்றுகூட ஒப்பவில்லை. குட்டிகள் மறுபடி மறுபடி போய் முட்டுப்பட்டுத் திரும்பின. ஒரு குட்டி சுவரோரம் போய் நின்று கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்களிடம் அகத்தி அறுக்க வருகிற அக்கா ஒருத்தி உண்டு. பக்கத்துக் குடியிருப்புக்காரி. நல்ல உழைப்பாளி, நல்ல மனசு, வாய்தான் கொஞ்சம் நீளம். அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கண்ணு பட்டுருச்சும்மா. காலையில வந்து ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போனாங்கள்ல, அந்தக் கையிதான். இனிமே அவங்களை உள்ள விடாதீங்க."

சொல்லிவிட்டு, உப்பும் மிளகாயும் கொண்டுவந்து கொட்டிலைச் சுற்றிப் போட்டாள். மிளகாய் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போய் வருவதற்குள் பேச்சு ஊருக்குள் போய்விட்டது. பாலக்கரைக்காரர்கள் வந்து போனார்களாம், ஆடு குட்டியை ஒதுக்கிவிட்டதாம். வேலியோரம் இரண்டு பேர், நாலு பேர் என்று வந்து நின்று எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர், யாரை உள்ளே விட வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. குட்டிகளைப் புட்டிப்பால் கொடுத்தாவது காப்பாற்றிவிடலாம். ராப்பகலாக உட்கார வேண்டும், அந்தப் பங்குனியின் பால் பாதி போய்விடும், இடுப்பு ஒடிந்துவிடும், அவ்வளவுதானே. ஆனால் என்னை நம்பி முதல் டம்ளர் குடித்த மனிதர்மேல் ஒரு பழி விழுந்துகொண்டிருந்தது. அது ஊன்றிவிட்டால் எந்தப் புட்டிப்பாலாலும் சரிசெய்ய முடியாது. அடுத்த தடவை அவர் வந்தால் இதே வேலியோரத்தில் நின்று எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

வாயைத் திறந்து சண்டை போட்டிருப்பேன். அதற்குள் சுவரோரக் குட்டி என் காலடிக்கு வந்து நின்றது. தூக்கி அணைத்துக்கொண்டேன். அதன் கழுத்தில் முகம் பட்டதும் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மல்லிகையும் சந்தனமும் கலந்த அத்தர். அடுத்த குட்டியைத் தூக்கினேன். அதுவும் அத்தர். எல்லாக் குட்டிகளும் மாப்பிள்ளை மாதிரி மணத்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாய் ஆடு குட்டியை முகத்தைப் பார்த்தா அறிகிறது? மோந்து பார்த்துத்தான். ஈன்ற முதல் வாரத்தில் அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாசம் ஒன்றுதான். அதை மறைத்துவிட்டால் தன் குட்டியும் அந்நியக் குட்டிதான்.

காரணம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை. என் வீட்டுக்காரர் சீயக்காய் போட்டு எல்லாவற்றையும் குளிப்பாட்டிவிடலாம் என்றார். ஒரே ஒரு குட்டியை மட்டும் குளிப்பாட்டிப் பார்க்கச் சொன்னேன். அத்தர் எண்ணெய் மாதிரி. தண்ணீருக்கு அசையவில்லை. அத்தரோடு சீயக்காயும் சேர்ந்துகொள்ள, தாய் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு ஓடியது. குட்டி நனைந்து நடுங்கியதுதான் மிச்சம். சாக்கில் துடைத்து வெயிலில் விட்டோம். அடுத்து, தாயின் பாலையே கறந்து குட்டி முதுகில் தடவினோம். ஓர் ஆடு கொஞ்சம் யோசித்தது, மற்றவை மசியவில்லை. அகத்தி அக்கா அடுத்த சுற்று மிளகாய்க்குப் போயிருந்தாள்.

நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் கருவாடு ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் எந்த வீட்டில் கருவாடு வறுத்தாலும் தெருவுக்கே தெரியும். வறுக்கிற வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியாது. மூக்கு அதிலேயே ஊறிப் போயிருக்கும். குட்டிமேல் இருக்கிற வாசத்தை எடுக்க முடியாது, சரி. தாயின் மூக்கிலும் அதே வாசத்தை வைத்துவிட்டால்? அப்போது அதற்குக் குட்டி வேறு, தான் வேறு என்று தெரியாதே. ஆனால் அதே அத்தர் வேண்டும். வேறொன்றைத் தடவினால் இன்னொரு அந்நிய வாசம் கூடும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் பயந்தார். விருந்துக்கு வந்த மனிதரிடம் போய் உங்களால் இப்படி ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்வது, மனசு உடைந்துபோவார், நான் போய்க் கடையில் சும்மா வாங்குவது போல வாங்கி வருகிறேன் என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. நான் யோசித்தேன். சொல்லாமல் மறைத்தால் பாய்க்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஊருக்கு எல்லாம் தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் கெட்டுக்கொண்டிருக்கும், நாங்கள் சிரித்துக்கொண்டே பால் ஊற்றிக்கொண்டிருப்போம். அது மரியாதையா? போனை எடுத்தேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"எங்களால வந்த வினையா தங்கச்சி?" என்றார்.

"அத்தரால வந்தது பாய். அந்த அத்தரே சரிபண்ணவும் செய்யும். பெருநாளைக்குப் போட்டீங்களே, அதே குப்பியை எடுத்துக்கிட்டு வாங்க."

கடையில் வேலை செய்பவரிடம் உடனே கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம், நீங்கள்தான் வர வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குப்பி வந்திருந்தால் நானே தடவியிருக்கலாம், வேலை முடிந்திருக்கும். என் முடிவு அன்றைக்கு வேறாக இருந்தது, அந்த முடிவைத்தான் இத்தனை வருட வேலையில் நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவதாக வைத்திருக்கிறேன்.

வெயில் தாழ்வதற்குள் ஆட்டோவில் வந்து இறங்கினார். குளித்துவிட்டு, பழைய கைலியும் சட்டையுமாக வந்திருந்தார். வேலியோரத்தில் அப்போதும் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பாலக்கரையில் ஒரு தெருவே மதிக்கிற மனிதர், என் வாசலில் தயங்கி நிற்கிறார்.

"நான் உள்ள வரலாமா தங்கச்சி?"

வேலியோரத்துக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பதில் சொன்னேன்.

"உங்க கைதான் பாய் வேணும். குப்பி மட்டும் வேணும்னா ஆள்கிட்ட கொடுத்தனுப்பச் சொல்லியிருப்பேன். உள்ள வாங்க."

வந்தார். சிங்காரியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குப்பியைத் திறந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, அதன் மூக்கு நுனியில் தடவினார். மூக்குத் துவாரத்தில் போகாமல் மேலாகத் தடவச் சொல்லியிருந்தேன். பிறகு குட்டிகள் இரண்டின் தலையிலும் வாலடியிலும் ஒவ்வொரு சொட்டு. சிங்காரி தலையை உதறியது, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது, இரண்டு தும்மல் போட்டது. குட்டிகளை விட்டேன். மோந்து பார்த்தது. கொம்பை இறக்கியது. வேலியோரத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிங்காரி கொம்பை இறக்கியபடியே மறுபடி மோந்தது. தன் காலை மோந்தது, தரையை மோந்தது, என் சேலையைக்கூட மோந்து பார்த்தது. உலகமே அத்தராக இருந்திருக்கும் அதற்கு. குழம்பிப்போய் நின்ற அந்த நேரத்தில் ஒரு குட்டி அடியில் புகுந்து காம்பைப் பிடித்துவிட்டது. குட்டி வால் ஆடத் தொடங்கியது. சிங்காரி திரும்பி அந்த வாலை நக்கிவிட்டு, அடித்தொண்டையில் மெதுவாக முனகியது. தாய் தன் குட்டியைக் கூப்பிடுகிற முனகல் அது, அதை வேறு யாருக்கும் கொடுக்காது. இன்னொரு குட்டியும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது.

பாய் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். அடுத்த ஆடு, அதற்கடுத்த ஆடு என்று ஒவ்வொன்றாகப் போனோம். எந்தக் கை பட்டுக் கெட்டது என்று சொன்னார்களோ அந்தக் கையாலேயே, சொன்னவர்கள் பார்க்கப் பார்க்க, குட்டிகள் ஒவ்வொன்றாகத் தாய்மடி சேர்ந்தன. கடைசி ஆடு முடிந்ததும், கையில் மிளகாயோடு நின்றிருந்த அகத்தி அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று பார்த்தேன். மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டு, மணிக்கட்டைப் பாயிடம் நீட்டினாள்.

"எனக்கும் ஒரு சொட்டு விடுங்க பாய். வாசமா இருக்கு."

பாய் சிரித்துக்கொண்டே விட்டார். அவள் அந்த வாசத்தோடுதான் வீட்டுக்குப் போனாள். மத்தியானம் ஒரு பேச்சைக் கொண்டுபோன அதே தெருவழியாக.

வேலை முடிந்தாலும் பால் வேலை முடியவில்லை. பால் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் பாலை விற்கவில்லை, குட்டிகளுக்கே விட்டுவிட்டோம். அதற்கும் மறுநாள் சரியாகிவிட்டது என்று நம்பி அனுப்பினேன். ஸ்ரீரங்கத்தில் மாமாவின் வயிற்றுக்காக ஆட்டுப்பால் வாங்கி, அதை அடுக்களைக்குள் சேர்க்காமல் கொல்லைப்புறத்திலேயே காய்ச்சுகிற மாமி ஒருவர் உண்டு. காலையிலேயே போன் வந்தது.

"ஏன்டிம்மா, பால்ல பன்னீர் ஏதானும் தெளிச்சேளா? ஏதோ பெருமாள் புறப்பாடு வந்த மாதிரின்னா மணக்கறது."

உள்ளதைச் சொன்னேன். மாமி வெகுநேரம் சிரித்துவிட்டு, குட்டிகள் சௌக்கியமா என்று கேட்டார். பாலுக்குப் பதில் பால் கொடுத்தனுப்பினேன். ஆட்டு மூக்குக்கு அடுத்தபடி இந்த ஜில்லாவிலேயே மாமி மூக்குதான்.

அந்தப் பங்குனியில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. சிங்காரியின் பெட்டைக்குட்டிதான் இன்று மருமகளின் முதல்தரக் கறவை. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்கிறேன், உங்களிடமும் காட்டினேன். நீங்கள் அது எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்டீர்கள்.

அடுத்த வருடம் குட்டிகள் பிறந்ததும், பாய் குடும்பத்துக்குத்தான் முதல் போன் போட்டேன். பாய் முதலில் தயங்கினார். எதற்கு வம்பு, பிள்ளைகள் படத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வந்தே ஆக வேண்டும் என்றேன். வந்தார்கள். யார் தலையிலும் உடம்பிலும் ஒரு பொட்டு அத்தர் இல்லை. எல்லோரும் வாசலில் புதிதாக வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியருகே போனார்கள். நான் சோப்பை எடுத்துக்கொண்டு போவதற்குள், அகத்தி அக்கா செம்பில் தண்ணீர் மொண்டு, பாயின் கையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் பேத்திகள் ஒவ்வொருத்தி கையிலும். கடைசியாகச் சின்னவளின் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் பிடித்துத் தன் மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"ம், இப்ப போ. ஆடு ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

உங்கள் பண்ணை வாசலிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள். வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கை கழுவச் சொல்லுங்கள். கழுவிவிட்டால் உள்ளே விடுங்கள்.